கனடாவில் கஞ்சா மருந்தான கதையும் ஊசிக்கு ஓர் அறை கிடைத்த கதையும்

டெரன்ஸ் பார்க்கர் டொரன்டோக்காரர். சின்ன வயதிலிருந்தே கடுமையான வலிப்பு நோய். மூளையில் அறுவை சிகிச்சை செய்து பார்த்தார்கள், பலன் இல்லை. மாத்திரைகள் ஓரளவுக்குத்தான் கேட்டன. கஞ்சா புகைத்தால் வலிப்பு வெகுவாகக் குறைகிறது என்பதை அவரே கண்டுகொண்டார். சட்டப்படி வாங்க வழியில்லாததால் வீட்டிலேயே செடி வளர்த்தார். போலீஸ் வந்தது, செடிகளைப் பறித்துக்கொண்டு போனது, வழக்குப் போட்டது.

2000 ஜூலை 31 அன்று ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பார்க்கரைக் காப்பாற்றியதோடு அது நிற்கவில்லை. மருந்தாகக் கஞ்சா தேவைப்படும் நோயாளிக்கு முறையான விலக்கு தராத சட்டம் அரசியல் சாசனத்துக்கு முரணானது என்றது. ஓராண்டுக்குள் அரசு அதைச் சரிசெய்யாவிட்டால், கஞ்சா வைத்திருப்பதைக் குற்றமாக்கும் பிரிவே செல்லாது போகும் என்று கெடுவும் வைத்தது. கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது, 2001 ஜூலை 30 அன்று, மருத்துவக் கஞ்சாவுக்கான விதிமுறைகளைக் கனடா நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

‘கனடாவில் கஞ்சா கடையில் விற்கிறார்கள், போதை ஊசி போட்டுக்கொள்ள அரசாங்கமே அறை கட்டிக் கொடுத்திருக்கிறது’ என்று நம்மவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். கட்டுப்பாடில்லாத நாடு என்ற தொனி அதில் இருக்கும். நடந்தது வேறு. மருத்துவக் கஞ்சாவை நோயாளிகள் நீதிமன்றப் படியேறி வாங்கினார்கள், ஊசி அறையை நீதிமன்றப் படியேறிக் காத்துக்கொண்டார்கள். இரண்டுக்கும் சாவியாக இருந்தது ஒரே சட்ட வாக்கியம். அந்த வாக்கியம் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிதில் புரிந்துவிடும்.

ஏழாம் பிரிவு

1982இல் கனடா தன் அரசியல் சாசனத்தோடு உரிமைச் சாசனம் ஒன்றைச் சேர்த்துக்கொண்டது. அதன் 7ஆம் பிரிவு சொல்வது இவ்வளவுதான்: ஒவ்வொருவருக்கும் உயிருக்கும், சுதந்திரத்துக்கும், தன் உடல் மனப் பாதுகாப்புக்கும் உரிமை உண்டு, அடிப்படை நீதியின் நெறிகளுக்கு உட்பட்டே தவிர வேறு எப்படியும் அதைப் பறிக்கக் கூடாது.

‘அடிப்படை நீதியின் நெறிகள்’ என்றால் என்ன? நீதிமன்றங்கள் காலப்போக்கில் மூன்று கேள்விகளாக அதைத் தெளிவுபடுத்தின. சட்டம் பறிக்கிற விஷயத்துக்கும் சட்டத்தின் நோக்கத்துக்கும் ஏதாவது தொடர்பு இருக்கிறதா? அயிரை மீனுக்கு விரித்த வலையில் ஊரே சிக்குகிறதா? கிடைக்கும் நன்மை கடுகளவும் விளையும் கேடு மலையளவுமாக இருக்கிறதா? தொடர்பே இல்லாவிட்டாலும், வலை அளவுக்கு மீறி அகன்றிருந்தாலும், கேடு அப்படி மிஞ்சிப்போனாலும் அந்தச் சட்டம் தப்பாது.

பார்க்கருக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். சிறைக்கு அனுப்பினால் அவர் சுதந்திரம் போகிறது. கஞ்சாவைத் தடுத்தால் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்து. அவர் வீட்டுக்குள் மருந்தாகப் புகைப்பதைத் தடுப்பதால் யாருக்கு என்ன நன்மை?

அரசு தரப்பில் ஒரு பதில் இருந்தது. போதைப்பொருள் சட்டத்தின் 56ஆம் பிரிவின்படி, மருத்துவக் காரணத்துக்காகவோ பொதுநலனுக்காகவோ சுகாதார அமைச்சர் யாருக்கும் விலக்கு அளிக்கலாம். பார்க்கர் அங்கே விண்ணப்பிக்கட்டுமே என்றார்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒரு நோயாளியின் உயிர் அமைச்சர் மனசு வைப்பதைப் பொறுத்தது என்றால், அதற்குப் பெயர் உரிமை அல்ல. இந்த 56ஆம் பிரிவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வரும்.

மருத்துவக் கஞ்சா இன்று எப்படிக் கிடைக்கிறது

முதலில் அரசே ஒரு நிறுவனத்தை அமர்த்திக் கஞ்சா வளர்த்தது. எங்கே தெரியுமா? மனிடோபா மாகாணத்தில் ஃப்ளின் ஃப்ளான் என்ற ஊரில், சுரங்கத்துக்குள், பூமிக்கு அடியில், விளக்கு வெளிச்சத்தில். நோயாளிகள் பலருக்கு அந்தச் சரக்கு பிடிக்கவில்லை. வழக்குகள் தொடர்ந்தன.

அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஓவன் ஸ்மித் வழக்கு. விக்டோரியா நகரத்தில் நோயாளிகளுக்கான கஞ்சா சங்கம் ஒன்றுக்கு பிஸ்கட் சுட்டுக் கொடுத்தவர் அவர். 2009இல் போலீஸ் வந்தபோது அடுக்குமாடி வீட்டில் 200க்கும் மேற்பட்ட கஞ்சா பிஸ்கட்டுகளும், மசாஜ் எண்ணெய், உதட்டுக்குப் பூசும் தைலம் என்றெல்லாம் எழுதி ஒட்டிய பாட்டில்களும் இருந்தன. அப்போதைய விதிப்படி காய்ந்த கஞ்சா மட்டுமே மருந்து. அதைப் புகைக்கலாம், எண்ணெயில் இறக்கினால் குற்றம். நுரையீரல் கெட்ட நோயாளியைப் பார்த்து ‘நீ புகைத்துத்தான் ஆக வேண்டும்’ என்று சட்டம் சொன்னதற்குச் சமம். 2015 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்த விதியைத் தள்ளியது. ஆரோக்கியத்தைக் காப்பது நோக்கம் என்று சொல்லிக்கொண்டு, ஆரோக்கியத்துக்குக் கேடான வழியைக் கட்டாயமாக்குவது எந்த நியாயம்? 7ஆம் பிரிவின் முதல் கேள்வியிலேயே விதி தோற்றுப்போனது.

அடுத்த ஆண்டு, வீட்டில் செடி வளர்ப்பதை நோயாளிகளுக்கு முற்றிலும் தடுத்த விதிகளைக் கூட்டாட்சி நீதிமன்றம் செல்லாது என்றது. 2018 அக்டோபர் 17 முதல் பெரியவர்கள் எல்லோருக்குமே கஞ்சா சட்டபூர்வமானது. அப்படியானால் மருத்துவக் கஞ்சாவுக்குத் தனி ஏற்பாடு எதற்கு என்று கேட்கலாம். தேவை இருக்கிறது. கடையில் வாங்க வயது வரம்பு உண்டு, மருத்துவ வழியில் அந்த வரம்பு இல்லை. கடுமையான வலிப்புள்ள குழந்தைக்கும் மருத்துவர் அனுமதிக்க முடியும். பொது இடத்தில் சாதாரண ஆள் 30 கிராம் வரைதான் வைத்திருக்கலாம். நோயாளி 30 நாள் தேவைக்கானதையோ 150 கிராமையோ, எது குறைவோ அதை, கூடுதலாக வைத்திருக்கலாம். எல்லாவற்றையும்விட முக்கியம், கடைக்காரர் மருத்துவர் அல்ல.

நடைமுறை இதுதான். மருத்துவரோ, தகுதிபெற்ற உயர்நிலை நர்ஸோ ஒரு படிவம் எழுதித் தருவார்: நாளைக்கு எத்தனை கிராம், எத்தனை மாதம். உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் அதைக் கொடுத்துப் பதிவுசெய்தால் தபாலில் வீட்டுக்கு வரும். சொந்தமாக வளர்க்க வேண்டுமென்றால் மத்திய சுகாதாரத் துறையிடம் பதிவுசெய்ய வேண்டும்.

இது எல்லா நோய்க்கும் மருந்தல்ல. கீமோ எடுப்பவர்களின் வாந்தி, நரம்புக் கோளாறுகளால் வரும் சில வலிகளும் தசை இறுக்கமும், குழந்தைகளுக்கு வரும் சில அரிய வலிப்புகள் ஆகியவற்றில் பயன் இருப்பதற்கு ஆதாரம் உண்டு. இளம் வயதினருக்கு மனச்சிதைவு அபாயம் உண்டு, கர்ப்பிணிகளுக்கு ஆகாது. இன்னொன்றை நம் வீட்டுப் பெரியவர்களுக்காகச் சொல்கிறேன்: ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர், கஞ்சா எண்ணெய் எடுத்தால் அந்த மருந்தின் வேகம் கூடிவிடலாம். ‘இயற்கைதானே’ என்று டாக்டரிடம் மறைத்துவிடாதீர்கள். கையில் படிவம் இருக்கிறது என்று விமானத்தில் எடுத்துக்கொண்டும் புறப்பட்டுவிடாதீர்கள். கனடா எல்லையைத் தாண்டிக் கஞ்சா கொண்டுபோவது கனடாவிலேயே குற்றம். சென்னையில் இறங்கினால் அங்கேயும் குற்றம்.

இனி ஊசி

வான்கூவர் நகரத்தில் கிழக்கு ஹேஸ்டிங்ஸ் தெருவை ஒட்டிய பகுதி. ஒற்றை அறை விடுதிகள், வறுமை, மனநோய், வீடற்றவர்கள், ஹெராயின், கொக்கைன். 1990களின் நடுவில் அங்கே ஊசி வழியாகப் போதை ஏற்றிக்கொள்பவர்களிடையே எச்.ஐ.வி. காட்டுத்தீயாகப் பரவியது. 1997 செப்டம்பரில் நகரச் சுகாதார வாரியம் பொதுச் சுகாதார அவசரநிலையை அறிவித்தது.

ஊசி ஏன் இவ்வளவு ஆபத்து? ரத்த நாளத்தில் இறங்கிய ஊசிக்குள் எப்போதும் கொஞ்சம் ரத்தம் ஏறிவிடும். வெளியே எடுத்தபின் கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி குழாயின் முனையில் தங்கிவிடும். அடுத்தவர் அதைப் பயன்படுத்தினால் அந்தத் துளி நேராக அவர் ரத்தத்துக்குள் போகிறது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி கிருமி சிரிஞ்சுக்குள் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஊசியைப் பகிராமல், போதைப்பொருளைக் கரைக்கும் தண்ணீரையோ வடிகட்டும் பஞ்சையோ பகிர்ந்தாலும் தொற்று வரலாம். ஒரே ஊசியைத் தானே திரும்பத் திரும்பக் குத்தினாலும் முனை மழுங்கி வளைந்து, சதை கிழிந்து, சீழ்க்கட்டி வைக்கும். அந்தச் சீழ் ரத்தத்தில் கலந்து இதய வால்வு வரை போய்விடுவதும் உண்டு. சில ரூபாய்ப் பொருள் ஒன்று இல்லாததால் ஒருவருக்குத் திறந்த இதய அறுவை சிகிச்சை.

இங்கேதான் ‘தீங்கு குறைப்பு’ என்ற கருத்து வருகிறது. ஒருவர் போதையை இன்றைக்கே விடத் தயாராக இல்லை. அப்படி இருக்கும்போதும் அவர் சாகாமல், கிருமி தொற்றாமல், கால் அழுகாமல் இருக்க என்ன செய்யலாம்? விட வேண்டும் என்ற நோக்கத்தை யாரும் கைவிடவில்லை. விடுகிற நாள் வரும்வரை ஆள் உயிரோடு இருக்க வேண்டுமே.

புது ஊசி கொடுத்துப் பழைய ஊசியை வாங்கிக்கொள்ளும் திட்டம் 1984இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கியது. கேட்டுத் தொடங்க வைத்தவர்கள் போதைக்கு அடிமையானவர்களே சேர்ந்து நடத்திய சங்கத்தார். வான்கூவரில் 1980களின் கடைசியிலேயே இது வந்துவிட்டது. பிறகு எப்படி 1997இல் அந்தக் கொள்ளைநோய்? இந்தக் கேள்வியைத் தீங்கு குறைப்பை எதிர்ப்பவர்கள் அடிக்கடி கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பதில் கொக்கைனில் இருக்கிறது. ஹெராயின் ஏற்றிக்கொள்பவருக்கு நாளைக்குச் சில ஊசி போதும். கொக்கைனின் போதை சீக்கிரம் இறங்கிவிடும், ஒரே நாளில் பத்துப் பதினைந்து தடவைகூடக் குத்திக்கொள்வார்கள். ‘ஒன்று கொடுத்தால் ஒன்று’ என்ற கணக்கில் ஊசி கொடுத்தால் இரவு பதினொரு மணிக்கு என்ன செய்வார்? பக்கத்தில் இருப்பவரின் ஊசியைத்தான் வாங்குவார். ஊசி கொடுப்பது தவறு என்று அந்தக் கொள்ளைநோய் காட்டவில்லை. கொடுத்தது போதவில்லை, ஊசி மட்டுமே போதாது என்பதைத்தான் காட்டியது.

2003 செப்டம்பரில் கிழக்கு ஹேஸ்டிங்ஸ் தெரு 139ஆம் எண்ணில் ‘இன்சைட்’ திறந்தது. வட அமெரிக்காவில் சட்ட அனுமதியோடு இயங்கிய முதல் கண்காணிப்பு ஊசி அறை அதுதான். (உலகில் முதலாவது 1986இல் சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகரத்தில்.) அனுமதி எப்படிக் கிடைத்தது? அதே 56ஆம் பிரிவு. சுகாதார அமைச்சர் மூன்றாண்டுக்கு விலக்கு அளித்தார்.

உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். வருபவர் வாசலில் ஒரு பெயர் சொல்ல வேண்டும், சொந்தப் பெயராக இருக்க வேண்டியதில்லை. என்ன போதைப்பொருள் கொண்டுவந்திருக்கிறார் என்று கேட்டுக் குறித்துக்கொள்வார்கள். அதை அரசு தருவதில்லை, அவரே வெளியில் வாங்கிக் கொண்டுவருவது. ஊசி, சுத்தமான தண்ணீர், வடிகட்டி எல்லாம் புதிதாகக் கொடுப்பார்கள். சுவரோரமாகச் சிறு சிறு தடுப்புகள், ஒவ்வொன்றிலும் முகம் தெரியும் கண்ணாடி. நர்ஸ் யாருக்கும் ஊசி போட மாட்டார். நீலம் பாரிக்கும் உதட்டையும் தலை சாயும் விதத்தையும் பார்த்துக்கொண்டே இருப்பார். மூச்சு நின்றால் ஆக்சிஜன், ஹெராயின் வகைப் போதையை முறிக்கும் நலோக்சோன் மருந்து. புண் இருந்தால் கட்டுப் போடுவார். முடித்தவர் பக்கத்து அறையில் காபி குடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்காரலாம். விட்டுவிட வேண்டும் என்று தோன்றினால் 2007இலிருந்து மாடியிலேயே போதை இறக்கும் படுக்கைகள் இருந்தன. ‘இனிமேல் முடியாது’ என்று ஒருவர் சொல்லும் அந்தப் பத்து நிமிடம் எவ்வளவு அரிதானது என்பது அவர் வீட்டாருக்குத்தான் தெரியும். மறுவாரம் வரச்சொன்னால் அவர் வரமாட்டார். படிக்கட்டு ஏறினால் படுக்கை என்ற ஏற்பாட்டின் அருமை அங்கே இருக்கிறது.

‘அவர்களே தேடிக்கொண்டது’

2006இல் ஆட்சி மாறியது. புதிய அரசுக்கு இந்த அறை பிடிக்கவில்லை. 2008இல் சுகாதார அமைச்சர் டோனி கிளெமென்ட் விலக்கை நீட்டிக்க மறுத்தார். அறையை நடத்திய அமைப்பும், அதைப் பயன்படுத்திய டீன் வில்சன், ஷெல்லி டோமிக் என்ற இருவரும் வழக்குத் தொடுத்திருந்தார்கள்.

அரசின் வாதம் நம் வீட்டுத் திண்ணையிலும் கேட்கக்கூடியதுதான். ஊசி போடுவது அவர்கள் முடிவு. அதனால் வரும் நோய்க்குச் சட்டம் எப்படிப் பொறுப்பாகும்? விசாரணை நீதிமன்றம் சாட்சியங்களைப் பார்த்து, போதைக்கு அடிமையாவது ஒரு நோய், அதில் கட்டுப்பாடு குலைந்துபோவதுதான் நோயின் அடையாளமே என்று பதிவு செய்திருந்தது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. சர்க்கரை நோயாளி இனிப்புச் சாப்பிட்டார் என்பதற்காக அவர் கால் புண்ணுக்கு மருந்து போடமாட்டேன் என்று எந்த டாக்டராவது சொல்வாரா?

2011 செப்டம்பர் 30. ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக இன்சைட் பக்கம் நின்றார்கள். தலைமை நீதிபதி பெவர்லி மெக்லாக்ளின் எழுதிய தீர்ப்பில் ஒரு நுட்பம் இருக்கிறது. போதைப்பொருள் சட்டத்தை அவர் செல்லாது என்று சொல்லவில்லை. 56ஆம் பிரிவு என்ற சாவி சட்டத்துக்குள்ளேயே இருப்பதால் சட்டம் செல்லும் என்றார். ஆனால் சாவியை வைத்திருக்கும் அமைச்சர் இஷ்டம்போல் பூட்டிவைக்க முடியாது. எட்டு ஆண்டுகளாக அறை உயிர்களைக் காத்திருக்கிறது, பொதுப் பாதுகாப்புக்குக் கெடுதல் எதுவும் தென்படவில்லை. அப்படியிருக்க மூடுவது காரணமற்றது, விளையும் கேடு மிக மிஞ்சியது. விலக்கை உடனே கொடுங்கள் என்று அமைச்சருக்கு உத்தரவே போட்டார்கள்.

பார்க்கர் வழக்கில் எந்தப் பிரிவை நம்பி நோயாளியை விடமுடியாது என்றார்களோ, அதே பிரிவு இங்கே நோயாளியின் பக்கம் திரும்பியது. அமைச்சரின் கருணையாக இருந்ததை நீதிமன்றம் அமைச்சரின் கடமையாக்கிவிட்டது. இந்த இரண்டு வழக்கிலும் நான் முக்கியமாக நினைப்பது இந்த மாற்றத்தைத்தான்.

பலன் என்ன என்று கேட்டால் ஓர் அளவீடு போதும். இன்சைட் திறந்தபின் அதைச் சுற்றி 500 மீட்டருக்குள் போதை அளவுமீறிய மரணங்கள் 35 சதவீதம் குறைந்தன. நகரத்தின் மற்ற பகுதிகளில் 9 சதவீதம் அளவுக்குத்தான். 2011இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியான ஆய்வு இது.

பாக்கெட்டில் இருப்பது என்ன?

பிறகு ஃபென்டனில் வந்தது. ஹெராயினைவிடப் பல மடங்கு வீரியமான செயற்கைச் சரக்கு. 2016 ஏப்ரலில், வான்கூவர் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் மறுபடி அவசரநிலை அறிவித்தது. 2023இல் அந்த ஒரு மாகாணத்தில் மட்டும் 2,500 பேர் அளவுக்குச் செத்தார்கள்.

தமிழ்நாட்டு வாசகருக்கு இது புரிய 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நடந்ததை நினைத்தால் போதும். பாக்கெட் சாராயத்தில் மெத்தனால். குடித்தவர்களுக்கு உள்ளே இருப்பது தெரியாது. 60க்கும் மேற்பட்டோர் போனார்கள். ஃபென்டனிலும் அப்படித்தான், ஹெராயின் என்று வாங்கிய பொட்டலத்தில் எவ்வளவு கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஒரு நாள் ஒரு மாத்திரையை முயன்று பார்த்த பள்ளிக்கூடப் பையனும் சாகலாம். எனவே இன்று போதைப்பொருளைச் சோதித்துச் சொல்லும் சேவையும் தீங்கு குறைப்பில் சேர்ந்துவிட்டது.

அரசியல் காற்று திரும்பத் திரும்ப மாறுகிறது. பள்ளி, குழந்தைகள் காப்பகத்திலிருந்து 200 மீட்டருக்குள் உள்ள ஊசி அறைகள் 2025 மார்ச் 31க்குள் மூடப்பட வேண்டும் என்று ஒன்டாரியோ சட்டம் இயற்றியது. பள்ளிக்கூட வாசலில் ஊசி கிடப்பதைக் கண்டு தாய்மார்கள் பயப்படுவதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அறை போனால் ஊசி போடுபவர் மறைந்துவிட மாட்டார். சந்துக்கும் பூங்காக் கழிப்பறைக்கும் போவார். அங்கே கண்ணாடியும் இல்லை, பார்த்துக்கொண்டிருக்கும் நர்ஸும் இல்லை.

இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். இந்தியாவின் 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டத்தின் 22ஆம் பிரிவு, தொற்றைத் தடுக்கச் சுத்தமான ஊசி தருபவர்களையும், ஹெராயினுக்குப் பதில் வாய்வழி மாற்று மருந்து தருபவர்களையும் வழக்கிலிருந்து காக்கிறது.

கனடாவில் இருப்பவர்கள் செய்யக்கூடிய ஒன்று உண்டு. நலோக்சோன் பெட்டி. ஒன்டாரியோவில் பல மருந்துக் கடைகளில் இலவசமாகவே தருகிறார்கள், சீட்டுத் தேவையில்லை. உங்கள் வீட்டில் யாரும் போதைக்காரர் இல்லாவிட்டாலும், முதுகுவலிக்கு மார்ஃபின் வகை மாத்திரை சாப்பிடும் அப்பா இருக்கலாம். எழுப்பினால் எழவில்லை, மூச்சு மெதுவாகக் குறட்டை போல வருகிறது, உதடு நீலம், கண்மணி ஊசிமுனை அளவு சுருங்கியிருக்கிறது என்றால் உடனே 911 என்ற அவசர உதவி எண்ணை அழையுங்கள். மூக்குக்குள் ஸ்ப்ரே அடியுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் அசைவு இல்லையென்றால் மற்ற மூக்கில் அடுத்தது.

போலீஸ் வந்து நம்மைப் பிடிக்குமோ என்று பயந்து போன் செய்யாமல் விட்டதால் செத்தவர்கள் ஏராளம். அதற்காகவே 2017 மே மாதம் கனடா ஒரு சட்டம் கொண்டுவந்தது. அளவுமீறலுக்கு உதவி கேட்டு 911 அழைத்தவர்மீதும், அங்கே இருப்பவர்கள்மீதும், மயங்கிக் கிடப்பவர்மீதும், சொந்த உபயோகத்துக்குப் போதைப்பொருள் வைத்திருந்ததற்காக வழக்குப் போட முடியாது. விற்பனைக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

நலோக்சோனின் வேலை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். உடம்பில் உள்ள போதை அதற்குப் பிறகும் இருக்கும். எழுந்து உட்கார்ந்தவர் மறுபடி மூச்சடங்கிப்போகலாம். ‘நான் நல்லாத்தான் இருக்கேன், போ’ என்று அவர் கோபப்படுவார். போகாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள்.